ஆன்லைன் போக்கர்: நம்மள விட நல்லா ஆடறவங்ககிட்ட கத்துக்கறது எப்படி? (அடிக்கடி கேக்கற கேள்விகள்)

புதுசா போக்கர் ஆட வர்றவங்க சுத்திச் சுத்தி இதே சந்தேகங்களத்தான் கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிச்சதுதான் மிச்சம், அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டேன். கேள்விகள் அவங்கவங்க கேட்ட மாதிரியே இருக்கு. பேசறது எல்லாம் நோ லிமிட் டெக்ஸஸ் ஹோல்டெம் பத்தி, பெரும்பாலும் 6 பேர் கேஷ் டேபிள். தொகையெல்லாம் பிக் பிளைண்ட் (ஒவ்வொரு ஹேண்டுக்கும் சீட்டு பாக்கறதுக்கு முன்னாடியே ஒருத்தர் கட்டாயமா போடற பந்தயம், சுருக்கமா பிபி) கணக்குல சொல்றேன், அப்பதான் எந்த ஸ்டேக்ல (பந்தய அளவுல) ஆடறவங்களுக்கும் பொருந்தும்.

எனக்கு ரூல்ஸே அரைகுறைதான், இப்பவே ஒரு பெரிய பிளேயர்கிட்ட போய் சேரணுமா?

வேண்டாம். எந்த ஹேண்ட் எதை அடிக்கும், பிளைண்ட் எப்படி சுத்தும், யார் முதல்ல பேசணும், இதெல்லாம் ஒரு சாயங்காலத்துல தானா கத்துக்கற விஷயம். ஃப்ளஷ் பெருசா ஸ்ட்ரெய்ட் பெருசான்னு கேக்கறதுக்கு நல்ல பிளேயரோட நேரத்த வீணாக்காதீங்க (ஃப்ளஷ்தான் பெருசு). ப்ளே மணி டேபிள்ல கொஞ்ச நாள் ஆடி, பட்டன் எது ஸ்லைடர் எதுன்னு கை பழகட்டும். அங்க யாரும் ஃபோல்ட் பண்ண (சீட்ட விட்டுட்டு ஒதுங்க) மாட்டாங்க, அதனால ஸ்ட்ராட்டஜி எதுவும் அங்க கத்துக்க முடியாது, அதுக்கு அது இல்ல.

இன்னொண்ணு, காசு வச்சு ஆன்லைன்ல ஆடறது எல்லா இடத்துலயும் சட்டப்படி சரி கிடையாது. நீங்க இருக்கற இடத்துல என்ன நிலைமைன்னு முதல்லயே பாத்துக்கோங்க. கீழ சொல்றதுல முக்காவாசி காசு வைக்காமலே செய்யக்கூடியதுதான்.

நல்லா ஆடறவங்க டேபிள்ல போய் உக்காந்து தோத்துத் தோத்து கத்துக்கலாம்னு ஃப்ரெண்ட் சொல்றான், சரியா?

உங்க ஃப்ரெண்ட் உங்களுக்கு ஃப்ரெண்டா அந்த டேபிளுக்கு ஃப்ரெண்டான்னு தெரியல. போக்கர்ல எதிராளி சீட்ட காட்டாமலே ஜெயிச்சுட்டு போயிடலாம். நீங்க ரிவர்ல (அஞ்சாவது, கடைசி பொதுச் சீட்டுல) ஃபோல்ட் பண்ணா அவர்கிட்ட என்ன இருந்துச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாது. அப்ப என்ன கத்துக்கறது? செஸ்ல தோத்தா ஆட்டம் முழுக்க கண்ணு முன்னாடி இருக்கும், எங்க கோட்டை விட்டோம்னு திரும்பிப் பாக்கலாம், இங்க பாதி விஷயம் மூடியே கிடக்கும்.

டேபிள்ல உங்கள விட மோசமா ஆடறவங்க இருக்கணும், டேபிளுக்கு வெளிய உங்கள விட நல்லா ஆடறவங்க இருக்கணும். அதுக்கு மேல ரேக் வேற இருக்கு, ஒவ்வொரு பாட்லயும் (நடுவுல சேர்ற மொத்தப் பணம்) ரூம், அதாவது நீங்க ஆடற சைட், ஒரு பங்கு எடுத்துக்கும், நல்ல ஆட்களோட ஆடும்போது உங்களுக்கு ரெண்டு பக்கமும் ஓட்டை.

சரி, ஒருத்தர் நல்ல பிளேயர்னு எப்படி நம்பறது? கிராஃப் எல்லாம் மேல மேல போகுது, ஸ்க்ரீன்ஷாட் காட்டறார்

எத்தன ஹேண்ட்ன்னு பாருங்க, அதுதான் முதல் கேள்வி. 6 பேர் நோ லிமிட் டேபிள்ல 100 ஹேண்டுக்கு ஏற்ற இறக்கம், அதாவது ஸ்டாண்டர்ட் டீவியேஷன், சுமாரா 80லருந்து 100 பிக் பிளைண்ட் வரைக்கும் இருக்கும். 100ன்னே வச்சுக்குவோம். 10,000 ஹேண்ட் ஆடின பிறகும் வின்ரேட்ல (100 ஹேண்டுக்கு சராசரியா ஜெயிக்கற அளவு) 10 பிபி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயறது சகஜம். அதாவது லாபமும் இல்லாம நஷ்டமும் இல்லாம ஆடற ஒரு ஆளு கூட, 10,000 ஹேண்ட் முடியும்போது 100 ஹேண்டுக்கு 10 பிபி ஜெயிச்ச மாதிரி தெரிய ஆறுல ஒரு சான்ஸ் இருக்கு. ஆறு பேர்ல ஒருத்தர் கிராஃப் போட்டு கோச்சிங் ஆரம்பிச்சுடலாம், மத்த அஞ்சு பேர் போட மாட்டாங்க, நமக்கு கண்ணுல படறது அந்த ஒருத்தர் மட்டும்தான். 1,00,000 ஹேண்ட்ன்னா அந்த சாய்வு 3 பிபி சொச்சத்துக்கு இறங்கிடும், அப்ப கொஞ்சம் நம்பலாம்.

டோர்னமெண்ட்ல இது இன்னும் மோசம், ஒரே ஒரு பெரிய ஜெயிப்ப வச்சு எதுவும் சொல்ல முடியாது. 2003ல கிறிஸ் மணிமேக்கர் 86 டாலர் ஆன்லைன் சாட்டிலைட் (பெரிய டோர்னமெண்டுக்கு இடம் ஜெயிக்கற சின்ன டோர்னமெண்ட்) வழியா வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் மெயின் ஈவென்ட்ல நுழைஞ்சு 25 லட்சம் டாலர் அடிச்சார், 839 பேர் ஆடினதுல. உலகமே போக்கர் பக்கம் திரும்புச்சு, ஆனா அந்த ஒரு ரிசல்ட்ட வச்சு அவர் அங்க இருந்தவங்கள்லயே பெஸ்ட்டுன்னு யாரும் சொல்லிட முடியாது. கிராஃப விட நல்ல டெஸ்ட் ஒண்ணு இருக்கு, அவர் தோத்த ஹேண்ட் ஒண்ண விளக்கச் சொல்லுங்க. "அவன் லக்கு"ன்னு முடிச்சா கிளம்பிடுங்க.

அவங்க ஏன் நமக்கு சொல்லித் தரணும்? எதிராளிய அவங்களே வளக்கற மாதிரி ஆகாதா?

பெரும்பாலும் அவங்க ஆடற ஸ்டேக் வேற, நீங்க ஆடற ஸ்டேக் வேற, மோத வேண்டி வராது. சிலருக்கு விளக்கிச் சொன்னாத்தான் தனக்கே தெளிவாகும். ஆனா சும்மா "ப்ரோ டிப்ஸ் குடுங்க"ன்னு வர்றவங்களுக்கு யாரும் பதில் போட மாட்டாங்க, போடவும் கூடாது. நீங்களே யோசிச்சு வேலை பாத்துட்டு வந்திருக்கீங்கன்னு தெரிஞ்சா பதில் வரும். அது எப்படின்னு அடுத்த கேள்வில.

ஒரு ஹேண்ட எப்படி கேக்கறது? நான் கேட்டா "நார்மல் ப்ரோ, அன்லக்கி"ன்னு ஒரு வரில முடிச்சுடறாங்க

அதுக்கு காரணம் நீங்க கதை சொல்றீங்க. "ஏஸ் குயின் வச்சிருந்தேன், டாப் பேர் வந்துச்சு, மொத்தமும் போச்சு, நான் என்ன பண்ணிருக்கணும்?" இதுல பதில் சொல்ல என்ன இருக்கு. பொசிஷன் (எந்த இடத்துல உக்காந்திருந்தீங்க) இல்ல, ஸ்டாக் (முன்னாடி எவ்வளவு காசு இருந்துச்சு) இல்ல, பெட் சைஸ் இல்ல, முடிவ மட்டும் முன்னாடியே சொல்லியாச்சு. முடிவு தெரிஞ்சவன் மூளை அதுக்குத் தகுந்த மாதிரி நியாயம் தேடும். அதனால எதிராளி என்ன காட்டினார்னு கடைசி வரைக்கும் சொல்லாதீங்க.

இப்ப அதே ஹேண்ட ஒழுங்கா எழுதுவோம். ரெண்டு பேருக்கும் 100 பிபி. நான் பட்டன்ல (ஃப்ளாப்லருந்து கடைசியா பேசற இடம்), ஏஸ் ஸ்பேட் குயின் டைமண்ட், 2.5க்கு ரெய்ஸ். பிக் பிளைண்ட்ல இருந்தவர் மட்டும் கால். பாட் 5.5. ஃப்ளாப் (முதல் மூணு பொதுச் சீட்டு) குயின் ஹார்ட், 8 ஹார்ட், 4 கிளாவர். அவர் செக், நான் 3, கால். பாட் 11.5. டர்ன் (நாலாவது பொதுச் சீட்டு) 2 ஸ்பேட். செக், நான் 8, கால். பாட் 27.5. ரிவர் 5 ஹார்ட். செக், நான் 14 போட்டேன், அவர் 50 ஆக்கிட்டார். இங்க நிறுத்திட்டு, ஒவ்வொரு இடத்துலயும் நீங்க என்ன நினைச்சீங்கன்னு எழுதணும். "ரிவர்ல கிங் குயின், குயின் ஜாக் கால் பண்ணும்னு 14 போட்டேன், ரெய்ஸ் வந்ததும் குழம்பிட்டேன்." அவ்வளவு போதும்.

இப்ப பாருங்க, நல்ல பிளேயர் என்ன பண்ணுவார்னு. முதல்ல விலை. 36 போட்டு கால் பண்ணா மொத்த பாட் 127.5, ஆக 28 சதவீதம் ஜெயிச்சாலே கால் லாபம். அடுத்து, அவர்கிட்ட என்னென்ன இருக்கும். ஹார்ட்ல ஏஸ் ஜாக், கிங் ஜாக், ஜாக் 10, 10 9, 7 6ன்னு ஃப்ளஷ் வரிசையா நிக்குது. 8 8, 4 4 செட் (ஒரே நம்பர் மூணு) இருக்கலாம். நம்மகிட்ட ஹார்ட்ல ஒரு சீட்டு கூட இல்ல, அதனால அவர் ஃப்ளஷ் எதையும் நாம தடுக்கல. பிளஃப் எது? ஃப்ளாப், டர்ன்னு ரெண்டு தெரு கால் பண்ணிட்டு ஒண்ணுமில்லாம ரிவருக்கு வர்ற ஹேண்ட் இந்த போர்ட்ல ரொம்ப கம்மி, ஏன்னா பெரிய டிரா (இன்னும் ஒரு சீட்டு வந்தா முழுசாகற ஹேண்ட்) ஃப்ளஷ்தான், அது வந்துடுச்சு. சின்ன ஸ்டேக்ல ரிவர் செக் ரெய்ஸ் பிளஃப் பண்றவங்கள தேடித்தான் கண்டுபிடிக்கணும். 28 சதவீதம் தேறாது, ஃபோல்ட். ஆனா நீங்க போட்ட 14 தப்பில்ல, நீங்க சொன்ன அதே காரணத்துக்காக. கால் சரியா தப்பான்னு கேக்க வந்தீங்க, திரும்பிப் போகும்போது பெட் போட்டுட்டு ரெய்ஸ் வந்தா விடறதும் ஒரு பிளான்தான்னு தெரிஞ்சுக்கிட்டு போறீங்க. இது "நார்மல் ப்ரோ"ல கிடைக்காது.

எது கேட்டாலும் "டிபெண்ட்ஸ்"னு சொல்லி எஸ்கேப் ஆகறாங்களே?

எஸ்கேப் இல்ல, உண்மையிலயே டிபெண்ட்ஸ்தான். உடனே "எதப் பொறுத்து?"ன்னு கேளுங்க. மேல உள்ள ஹேண்ட்லயே நம்ம ஏஸ் ஹார்ட்டா இருந்தா அவர்கிட்ட ஏஸ் வச்ச ஃப்ளஷ் எதுவுமே இருக்க முடியாது, கணக்கு கொஞ்சம் நகரும். ஸ்டாக் 40 பிபி மட்டும்னா ரிவர்ல இந்தக் கேள்வியே வராது. எது மாறினா பதில் மாறும்னு தெரிஞ்சுக்கறதுதான் நீங்க அவங்ககிட்ட வாங்க வேண்டிய விஷயம், ஆமா இல்லைங்கறது இல்ல.

நான் கணக்குல ரொம்ப வீக், போக்கர் எனக்கு வருமா?

கூட்டல் வகுத்தல் போதும். எதிராளி பாட்ல பாதி போட்டா உங்களுக்கு 25 சதவீதம் ஜெயிக்கணும், முழு பாட் போட்டா 33. ஃப்ளஷ் டிராவுக்கு 9 சீட்டு உதவும், ரெண்டு சீட்டும் பாத்தா 35 சதவீதம், ஒரே சீட்டுன்னா 20க்கு ஒட்டி. வழக்கமா பேசற சுருக்கு வழி, ஃப்ளாப்ல சீட்டு எண்ணிக்கைய 4ஆல பெருக்கு, டர்ன்ல 2ஆல பெருக்கு. இதுல எல்லாரும் விழற குழி ஒண்ணு, ஃப்ளாப்ல 35ன்னு நினைச்சு கால் பண்ணிட்டு, டர்ன்ல மறுபடி பெட் வரும்ங்கறத மறந்துடறது. ஆல் இன் (இருக்கற காசு மொத்தமும் உள்ள) ஆனா மட்டும்தான் ரெண்டு சீட்டும் அந்த விலைக்கு கிடைக்கும்.

அடுத்த கட்டம் காம்போ எண்றது. ஜோடி ஒவ்வொண்ணும் 6 விதமா வரும், ஏஸ் கிங் 16 விதமா வரும். உங்ககிட்ட குயின் ஜோடி, எதிராளி ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, ஏஸ் கிங் மூணோட மட்டும்தான் ஆல் இன் போவார்னு வைங்க. மனசு "ஏஸோ கிங்கோ வச்சிருக்கான்"னு அலறும். எண்ணிப் பாத்தா நம்மள நசுக்கற ஜோடி 12, ஏஸ் கிங் 16. மொத்தத்துல நமக்கு 40 சதவீதத்துக்கு ஒட்டி வருது. அது போதுமாங்கறது உள்ள ஏற்கெனவே எவ்வளவு போட்டிருக்கீங்கங்கறதப் பொறுத்தது, ஆனா இப்ப அது பயம் இல்ல, கணக்கு.

ஸ்ட்ரீமும் வீடியோவும் தினமும் பாக்கறேன், ஆட்டம் மட்டும் அப்படியே இருக்கு, ஏன்?

சும்மா பாத்தா அது சினிமா. அவர் முடிவெடுக்கறதுக்கு முன்னாடி வீடியோவ நிறுத்துங்க, நீங்க என்ன பண்ணுவீங்க, எவ்வளவு பெட், ஏன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க, அப்பறம் ஓட விடுங்க. ரெண்டும் வேற மாதிரி வந்த இடத்த மட்டும் குறிச்சு வைங்க, கேள்வி கேக்க சரக்கு கிடைச்சுடும். ஒரு மணி நேர வீடியோ மூணு மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

ஹைலைட் வீடியோ வேண்டாம். 6 பேர் டேபிள்ல உருப்படியா ஆடறவங்க பொதுவா நாலுல ஒரு ஹேண்டத்தான் விளையாடுவாங்க, மீதி மூணும் ஃபோல்ட். ஹைலைட்ல அந்த மூணையும் வெட்டிடறாங்க. பாக்கறவன் எல்லா ஹேண்டும் ஆடலாம்னு நினைச்சுக்கறான்.

இப்பதான் சால்வர் இருக்கே, மனுஷங்ககிட்ட எதுக்கு கேக்கணும்?

சால்வர் (எந்த இடத்துல எப்படி ஆடணும்னு கணக்குப் போட்டு சொல்ற சாஃப்ட்வேர்) நல்ல சாமான்தான், மறுக்கல. 2017ல கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தோட லிப்ராடஸ்ங்கற போக்கர் புரோகிராம் நேருக்கு நேர் ஆட்டத்துல நாலு ப்ரொஃபஷனல் பிளேயர்கள 1,20,000 ஹேண்ட்ல தோக்கடிச்சுது, 2019ல அதே வழில வந்த ப்ளூரிபஸ் 6 பேர் டேபிள்லயும் ஜெயிச்சுது. பாட்ட விட பெரிய பெட்டெல்லாம் லிப்ராடஸ் சாதாரணமா போட்டத பாத்து அந்த ப்ரொஃபஷனல்களே அசந்து போனாங்க. அந்த நாலு பேரும் என்ன பண்ணாங்க தெரியுமா, ஒருத்தருக்கொருத்தர் தினமும் நோட்ஸ் பகிர்ந்துக்கிட்டு அதோட ஓட்டைய தேடினாங்க. அந்த லெவல்லயே ஆளுக்கு ஆள் பேசிக்கத்தான் செஞ்சாங்க.

நீங்க சால்வருக்கு எந்த ரேஞ்ச் (ஒருத்தர்கிட்ட இருக்கக்கூடிய ஹேண்ட் எல்லாத்தோட பட்டியல்) குடுக்கறீங்களோ அதுக்குத்தான் பதில் வரும். எதிராளி எதெதோட கால் பண்ணுவார்ங்கறத தப்பா குடுத்தா பதிலும் கச்சிதமா தப்பா வரும். அந்த ரேஞ்ச சரியா ஊகிக்கறதும், வந்த விடைல எது முக்கியம் எது சும்மா பொடின்னு பிரிக்கறதும் அனுபவஸ்தங்ககிட்ட கத்துக்கற விஷயம். முதல்ல உங்க பதில எழுதுங்க, அப்பறம் ஆளக் கேளுங்க, கடைசியா சால்வர். தலைகீழா போனா மனப்பாடம்தான் மிஞ்சும்.

பெரிய பிளேயர் பண்ற அதே பிளஃப் அதே சைஸ்ல நானும் பண்றேன், எனக்கு மட்டும் கால் பண்ணிடறாங்க, என்ன கொடுமை?

அவர் எதிர்ல இருக்கறவங்களுக்கு ஃபோல்ட் பண்ணத் தெரியும். முழு பாட் பிளஃப் பாதி தடவையாவது வேலை செஞ்சாத்தான் நஷ்டமில்லாம நிக்கும், பாதி பாட்னா மூணுல ஒரு தடவை. சின்ன ஸ்டேக்ல ஒரு ஜோடி வச்சவன் "பாத்துடலாம்"னு கிளிக் பண்றவன், அவன்கிட்ட எந்தக் கதையும் எடுபடாது. அங்க பிளஃப கொறச்சு, நல்ல ஹேண்ட் வரும்போது பெட்ட பெருசா போடுங்க. பாக்க அசிங்கமா இருக்கும், ஸ்டைலே இருக்காது, காசு அங்கதான் இருக்கு. பெரிய பிளேயர்கிட்ட கேக்கும்போதும் "நீங்க என்ன பண்ணுவீங்க"ன்னு கேக்காதீங்க, "என் டேபிள்ல நீங்க உக்காந்தா என்ன பண்ணுவீங்க"ன்னு கேளுங்க, பதில் மாறும் பாருங்க.

நான் சரியாத்தான் ஆடறேன், ஆனாலும் தோக்கறேன், சொல்லிக்குடுத்தது தப்போ?

இருக்கலாம், ஆனா ரிசல்ட்ட வச்சு அத சொல்ல முடியாது. ஏஸ் ஜோடி கிங் ஜோடியோட மோதினா 82 சதவீதம்தான், அஞ்சாறு தடவைல ஒரு தடவை தோக்கும். மேல கிராஃப் கேள்விக்கு சொன்ன கணக்க எடுத்துக்கிட்டா, 100 ஹேண்டுக்கு 5 பிபி உண்மையிலயே ஜெயிக்கற ஆளு கூட 10,000 ஹேண்ட் முடிவுல மைனஸ்ல நிக்கறதுக்கு கிட்டத்தட்ட மூணுல ஒரு சான்ஸ். அதனால முன்னேற்றத்த காசுல பாக்காதீங்க. போன மாசம் புரியாம ஆடின ஹேண்ட இப்ப திரும்பப் பாத்தா உடனே ஓட்டை தெரியுதா, கேள்வி கேட்டா பதில நீங்களே முன்கூட்டி சொல்ல முடியுதா, அத பாருங்க.

தோத்த காச இன்னிக்கே எடுக்கணும்னு ஸ்டேக் ஏத்தறதோ, கடன் வாங்கறதோ, வீட்ல மறைக்கறதோ ஆரம்பிச்சா அது கத்துக்கற கேள்வியே இல்ல. அங்கயே நிறுத்திட்டு, நம்பிக்கையான ஆள்கிட்ட வெளிப்படையா சொல்லுங்க, அக்கவுண்ட்ட மூடற வசதி ரூம்லயே இருந்தா பயன்படுத்துங்க.

நான் ஆடும்போதே அவர் ஸ்க்ரீன் பாத்து "கால் பண்ணு, விடு"ன்னு சொல்லித்தந்தா சீக்கிரம் கத்துக்கலாம்ல?

அது ஏமாத்து வேலை. ஒரு ஹேண்டுக்கு ஒரு பிளேயர்ங்கறது போக்கர்ல அடிப்படை ரூல். பக்கத்துலருந்து சொல்லித்தர்றதுக்கு கோஸ்டிங்னு பேரு, ஆடும்போதே சால்வரோ சார்ட் காட்டற சாஃப்ட்வேரோ பாக்கறதும் பெரிய ரூம்கள்ல தடை, மாட்டினா அக்கவுண்ட்டும் உள்ள இருக்கற காசும் போகும். உங்க அக்கவுண்ட்ல அவர் ஆடறதும் இதே கதைதான். ஸ்க்ரீன ரெகார்ட் பண்ணிட்டு, ஆட்டம் முழுசா முடிஞ்சதும் ரெண்டு பேரும் உக்காந்து பாருங்க. ஆடும்போது உங்க மனசுல ஓடினத வாய் விட்டுப் பேசிக்கிட்டே ரெகார்ட் பண்ணா இன்னும் நல்லது, எங்க யோசிக்காம கிளிக் பண்ணீங்கன்னு அவருக்கு குரல்லயே தெரிஞ்சுடும்.

காசு வாங்காம சொல்லித்தர்றேன், லாபத்துல பங்கு மட்டும் குடுன்னு ஒருத்தர் சொல்றார், போலாமா?

கையெழுத்துக்கு முன்னாடி மூணு நாலு விஷயம் கேளுங்க. எத்தன ஹேண்ட் ஆடி முடிச்சா ஒப்பந்தம் முடியும், நடுவுல விட்டுட்டுப் போனா எவ்வளவு கட்டணும், ரேக்பேக்கும் (நீங்க கட்டின ரேக்ல ரூம் திருப்பித் தர்ற பங்கு) லாபக் கணக்குல சேருமா, அவர் காசுல ஆடினா பழைய நஷ்டத்த அடுத்த மாச லாபத்துலருந்து முதல்ல கழிப்பாங்களா. நஷ்டத்த சுமந்துக்கிட்டே போறதுக்கு மேக்கப்னு சொல்வாங்க, அது ஏறிப்போச்சுன்னா ஜெயிச்சாலும் கைக்கு ஒண்ணும் வராது. இலவசமா சொல்லித்தர்றேன், என் லிங்க்ல அக்கவுண்ட் திறன்னு சொல்றவருக்கு நீங்க கட்டற ரேக்லருந்து கமிஷன் போறது சகஜம். அது தப்புன்னு சொல்லல, ஆனா நீங்க நிறைய ஆடணும்ங்கறது அவர் ஆசை, நல்லா ஆடணும்ங்கறது உங்க ஆசை, ரெண்டும் வேற. பாஸ்வேர்ட யாருக்கும் குடுக்காதீங்க.

ரெண்டு பெரிய பிளேயர்கள் ஒரே ஹேண்டுக்கு எதிரெதிரா சொல்றாங்க, யார நம்பறது?

ரெண்டு பேரும் சரியா இருக்கலாம். பல இடத்துல கால், ஃபோல்ட் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்புதான் வரும், சால்வரே சில நேரம் இது சில நேரம் அதுன்னு கலந்து ஆடும், அந்த இடத்துல சண்டை போட்டு பிரயோஜனமில்ல. நிஜமாவே பெரிய வித்தியாசம்னா ரெண்டு பேரும் எதிராளிய வேற வேற மாதிரி கற்பனை பண்ணிருப்பாங்க. "டிபெண்ட்ஸ்" கேள்விக்கு சொன்னதேதான், எந்த ரேஞ்ச மனசுல வச்சு சொன்னீங்கன்னு ரெண்டு பேரையும் கேளுங்க. அதுக்கப்பறம் யார் கற்பனை உங்க டேபிளுக்கு ஒத்து வருதுன்னு நீங்கதான் சொல்லணும், ஏன்னா அங்க ஆடறது நீங்க.

எனக்கு சொல்லித்தர்றவரே என் டேபிள்ல வந்து உக்காந்துட்டா? அவர்கிட்ட பெட் போடவே கூச்சமா இருக்கு

கூச்சப்பட்டு செக் பண்ணிக்கிட்டே போனா அதுவும் ரூல் மீறல்தான், சாஃப்ட் பிளேன்னு சொல்வாங்க, நஷ்டம் டேபிள்ல இருக்கற மத்த நாலு பேருக்கு. கேஷ் டேபிள்னா ஒருத்தர் எழுந்து வேற டேபிளுக்கு போயிடுங்க, பெரும்பாலும் அவரே போயிடுவார். டோர்னமெண்ட்ல டேபிள் மாத்த முடியாது, அங்க அவர் உங்களுக்கு யாரோ ஒரு ஆள், முழு பலத்தோட ஆடுங்க, சாட்லயோ போன்லயோ அந்த நேரத்துல ஒரு வார்த்தை பேசாதீங்க. உங்க ஆட்டத்துல எங்க ஓட்டைன்னு அவருக்கு நல்லாத் தெரியும், கண்டிப்பா அங்கயே குத்துவார். அப்படி குத்தின ஹேண்ட் இருந்தா குறிச்சு வைங்க, டோர்னமெண்ட் முடிஞ்சதும் அவர்கிட்ட கொண்டு போற முதல் ஹேண்ட் அதுவா இருக்கட்டும்.